பதினான்கும் பதினான்கும் ஒன்றா? செம்பனைக் காட்டில் செடி எண்ணும் கணக்கு

தம்பி, நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாகப் போட்டுவிடுகிறேன்; இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் உதவும். படிவம் ஆறில் படிக்கும் உங்கள் மகள் உயிரியல் செய்முறைக்காகப் மலேசியாவில் சிலாங்கூரின் பெஸ்தாரி ஜெயாவில் ஒரு செம்பனை (எண்ணெய்ப்பனை) பிளாக்கையும் அதன் பின்னால் இருக்கும் ஆற்றங்கரைப் புதரையும் ஒப்பிடுகிறாள். ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சதுரச் சட்டத்தை இந்தப் பக்கம் பத்து தடவை, அந்தப் பக்கம் பத்து தடவை வைத்துச் செடிகளை எண்ணினாள். செம்பனைக்கு அடியில் 14 இனம். ஆற்றோரத்திலும் 14 இனம். "அப்படியென்றால் இரண்டு இடமும் ஒன்றுதானா அண்ணே? அப்படியே எழுதிக் கொடுத்துவிடலாமா?" என்று கேட்டிருந்தீர்கள். கூடவே, இரவில் லயத்துப் பக்கம் (தொழிலாளர் வீட்டு வரிசை) ஊரும் நத்தைகளை எப்படி எண்ணுவது என்றும்.

அப்படியே எழுதிக் கொடுக்க வேண்டாம். அவள் எண்ணியதில் தப்பில்லை. ஆனால் 14 என்பது பாதி விடைதான். மீதிப் பாதி அவளுடைய அட்டவணையிலேயே இருக்கிறது, யாரும் கூட்டிப் பார்க்கவில்லை.

நீங்கள் அனுப்பிய தாளைப் பார்த்தேன். செம்பனைப் பக்கம் மொத்தம் 200 செடிகள். அதில் 150 ஒரே இனச் செடி. படத்தைப் பார்த்தால் வெள்ளையும் ஊதாவுமாகப் பூக்கும் அசிஸ்டாசியா. நம் பக்கத்தில் மலாயில் 'ரும்புட் இஸ்ரேல்' என்பார்களே, அதேதான். மீதி 13 இனமும் சேர்ந்து 50 செடிகள். ஆற்றோரத்தில் மொத்தம் 120 செடிகள்தான், ஆனால் அதிகமாக இருக்கிற இனமே 22. அடுத்தது 18, அப்புறம் 15, 13 என்று படிப்படியாக இறங்குகிறது. ஒரு கல்யாண வீட்டில் 14 குடும்பம் வந்திருக்கிறது என்று சொன்னால் மட்டும் போதுமா? ஒரே குடும்பத்தில் 150 பேர் வந்து உட்கார்ந்திருந்தால் பந்தி வேறு மாதிரி இருக்கும்.

இதைத்தான் சிம்சன் குறியீடு அளக்கிறது. எட்வர்ட் சிம்சன் பிரிட்டன்காரர். இரண்டாம் உலகப் போரில் பிளெட்ச்லி பார்க்கில் எதிரியின் ரகசியக் குறியீடுகளை உடைத்தவர்களில் ஒருவர். 1949இல் ஒரு சின்னக் கட்டுரையில் இதைச் சொன்னார். யோசனை மிக எளிது: கண்ணைக் கட்டிக்கொண்டு அந்த இடத்திலிருந்து இரண்டு செடிகளை எடுத்தால், இரண்டும் ஒரே இனமாக இருக்க எவ்வளவு வாய்ப்பு? வாய்ப்பு கூடினால் பல்வகைமை குறைவு. ஒவ்வொரு இனத்தின் எண்ணிக்கையையும் அதைவிட ஒன்று குறைந்த எண்ணால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, மொத்தத்தையும் அதேபோலப் பெருக்கி வந்ததால் வகுக்க வேண்டும். அவள் தாளை வைத்து நானே போட்டுப் பார்த்தேன். செம்பனைப் பக்கம் 22,662 வகுத்தல் 39,800, அதாவது 0.57. ஆற்றோரம் 1,456 வகுத்தல் 14,280, அதாவது 0.10. ஒன்றிலிருந்து கழித்தால் செம்பனைக்கு 0.43, ஆற்றோரத்துக்கு 0.90.

இந்த எண்களை அப்படியே பார்த்தால் மனதில் ஒன்றும் பதியாது. 1ஐ, கழிப்பதற்கு முன் வந்த எண்ணால் வகுத்துப் பாருங்கள். செம்பனைப் பக்கம் 1.8 வருகிறது, ஆற்றோரம் 9.8. பெயருக்கு இரண்டிலும் 14 இனம் இருந்தாலும், செம்பனைக்கு அடியில் இருப்பது இரண்டு இனம்கூடச் சரிசமமாக இல்லாத ஒரு கூட்டம். ஆற்றோரத்தில் பத்து இனம் சமமாகப் பங்கு போட்டுக்கொண்டது போன்ற கூட்டம். அறிக்கையில் இதை எழுதச் சொல்லுங்கள். ஒரு எச்சரிக்கை: சில புத்தகங்கள் கழிப்பதற்கு முந்தைய எண்ணையே சிம்சன் குறியீடு என்கின்றன, சில கழித்த பிறகு வருவதை, சில வகுத்து வருவதை. எதைப் பயன்படுத்தினாள் என்று ஒரு வரி எழுதாவிட்டால் திருத்துகிறவர் குழம்பிப்போவார்.

ஷானன் குறியீடும் கேட்பார்கள். 1948இல் தொலைபேசிச் செய்திகளை அளக்க வந்த கணக்கு அது, பிறகு காட்டுக்கும் வந்துவிட்டது. ஒவ்வொரு இனத்தின் பங்கையும் அதன் இயல்மடக்கையோடு (ln) பெருக்கிக் கூட்டி, குறியை மாற்றினால் போதும். செம்பனைக்கு 1.11, ஆற்றோரத்துக்கு 2.37 வருகிறது. சிம்சன், ஆள்பலம் உள்ள இனத்தின் பக்கம் சாயும். ஷானன் ஒன்றிரண்டாக இருக்கும் அரிய இனங்களையும் கொஞ்சம் கவனிக்கும். இரண்டும் ஒரே கதையைச் சொன்னால் நிம்மதி. இங்கே சொல்கின்றன.

இன்னொன்றும் உண்டு. இரண்டு பட்டியலிலும் பொதுவாக இருப்பவை நான்கே இனம். பொதுவானதை இரட்டிப்பாக்கி இரண்டு பட்டியலின் கூட்டால் வகுப்பது சோரென்சன் ஒப்புமை: 8 வகுத்தல் 28, சுமார் 0.29. பட்டியல் முழுக்க ஒன்றாக இருந்தால் 1 வரும். ஆக, எண்ணிக்கை ஒன்று, ஆட்கள் வேறு.

சரி, கணக்கு முடிந்தது. ஆனால் உண்மையில் நான் எழுத உட்கார்ந்தது இதற்காக இல்லை. நீங்கள் அனுப்பிய இரண்டாவது படத்துக்காக.

அதில் பத்து சட்டங்களும் குலை ஏற்றும் பாதையில், மரத்துக்கு ஒன்றாக, ஒரே வரிசையில் கிடக்கின்றன. இங்கேதான் கோளாறு. செம்பனை இயற்கைக் காடு அல்ல, கயிறு பிடித்து நட்டது. மரத்துக்கு மரம் 9 மீட்டர் முக்கோணமாக நட்டால் ஒரு மரத்துக்குச் சுமார் 70 சதுர மீட்டர் வரும், ஹெக்டருக்கு 142 மரம். அந்த 70 சதுர மீட்டரும் ஒரே மாதிரி இல்லை. மரத்தைச் சுற்றி மருந்து அடித்து மொட்டையாக வைத்திருக்கும் வட்டம். ஒரு நிரை விட்டு ஒரு நிரை பாதை. மற்ற நிரையில் வெட்டிப் போட்ட மட்டைக் குவியல். அப்புறம் அல்லூர் (வடிகால்) ஓரம். மட்டைக் குவியலில் பெரணியும் நிழல் தேடும் செடிகளும் இருக்கும். பாதையில் மிதி தாங்குவது மட்டும்தான் நிற்கும். நிலமே 9 மீட்டர் கணக்கில் திரும்பத் திரும்ப வரும்போது, நாமும் 9 மீட்டருக்கு ஒரு சட்டம் வைத்தால் பத்து தடவையும் ஒரே இடத்தைத்தான் எண்ணுகிறோம். பத்து மாதிரி எடுத்தோம் என்று நினைப்போம், எடுத்தது ஒன்றுதான்.

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. நான் ஒரு தோட்டத்தில் ஃபீல்டு கண்டக்டராக (வெளிவேலை மேற்பார்வையாளர்) இருந்தபோது மட்டையைத் தின்னும் கூட்டுப்புழுவை (பேக்வார்ம்) கணக்கெடுப்போம். சுமாராக ஹெக்டருக்கு ஒரு மரம், மரத்துக்கு ஒரு மட்டை, அதில் உள்ள புழுவை எண்ண வேண்டும். ஒரு வருடம் மழை கொட்டி பிளாக்கின் உள்பக்கம் முட்டிவரை தண்ணீர். ரோட்டோர மரங்களை மட்டும் எண்ணி, 'கவலைப்பட ஒன்றுமில்லை' என்று நானே கையெழுத்துப் போட்டேன். தண்ணீர் வடிந்து உள்ளே போனால், நடுவில் மட்டைகள் தீயில் காட்டியதுபோல் பழுப்பாகத் தொங்குகின்றன. எண்ணியதில் ஒரு புழுகூடத் தவறவில்லை. எண்ணின இடம்தான் தவறு. அன்றிலிருந்து யார் கணக்குக் காட்டினாலும் 'எத்தனை' என்று கேட்பதற்கு முன் 'எங்கே நின்று எண்ணினீர்கள்' என்றுதான் கேட்கிறேன்.

அதனால் திரும்பச் செய்யும்போது பிளாக்கை முதலில் பிரித்துக்கொள்ளட்டும். வட்டத்தின் ஆரம் சுமார் 2 மீட்டர் என்றால் அதன் பரப்பு 12.6 சதுர மீட்டர், அதாவது 70இல் 18 விழுக்காடு. 20 சட்டம் வைப்பதாக இருந்தால் வட்டத்துக்கு நான்கு, பாதைக்கு ஏழு, மட்டைக் குவியலுக்கு ஏழு, அல்லூர் ஓரத்துக்கு இரண்டு என்று பங்கு வைக்கலாம். ஒவ்வொன்றுக்குள்ளும் எந்த இடம் என்பதை எண் தீர்மானிக்கட்டும். இரண்டு அளவுநாடாவை 'ட' போல விரித்து, கைப்பேசியில் தற்செயல் எண் எடுத்து, இத்தனை மீட்டர் கிழக்கே, இத்தனை மீட்டர் வடக்கே என்று போய் வைக்க வேண்டும். முதுகைத் திருப்பிக்கொண்டு சட்டத்தைத் தூக்கி எறிவது தற்செயல் அல்ல. கை தன்னையறியாமல் முள்ளில்லாத பக்கம்தான் எறியும். அதோடு, மட்டைக் குவியலில் எறிந்த சட்டத்தை யார் போய் எடுப்பது?

எதை 'ஒரு செடி' என்று எண்ணினாள் என்பதையும் கேளுங்கள். அசிஸ்டாசியா தரையில் சாய்ந்தால் கணுவுக்குக் கணு வேர் விடும். 150 என்று எண்ணியது நிஜத்தில் நாற்பது செடியாக இருக்கலாம். மிக்கானியா கொடியும் அப்படித்தான், தலை எது, வால் எது என்று தெரியாது. இப்படிப்பட்டவற்றுக்கு எண்ணிக்கையை விட்டுவிட்டு, மூடியிருக்கும் பரப்பை விழுக்காட்டில் எடுப்பது நல்லது. சட்டத்தில் குறுக்கும் நெடுக்கும் நைலான் கயிறு கட்டிப் பத்துக்குப் பத்து கட்டமாக்கினால் ஒரு கட்டம் ஒரு விழுக்காடு. மேலே ஒரு செடி, அடியில் ஒரு செடி என்று இருந்தால் கூட்டு நூறைத் தாண்டும், பயப்பட வேண்டாம். சட்டத்தின் விளிம்பில் நிற்கும் செடிக்கு ஒரு விதி வைத்துக்கொள்ள வேண்டும்: மேல்பக்கம், இடப்பக்கம் தொடுவதைச் சேர்த்துக்கொள், மற்ற இரண்டு பக்கத்தில் தொடுவதை விடு. எந்த விதி என்பது முக்கியமில்லை, கடைசிவரை மாற்றக்கூடாது.

லத்தீன் பெயர் தெரியாவிட்டால் 'புல் 1', 'பெரணி 2' என்றே எழுதலாம். படம் எடுத்து, ஒரு கிளையைப் பழைய பத்திரிகைக்குள் வைத்து அழுத்திக் காயவைத்தால் அடுத்த வாரம் வந்த 'புல் 1' அதே புல்தானா என்று பார்க்கலாம்.

எத்தனை சட்டம் போதும்? இதற்கு நிலையான எண் கிடையாது. ஒவ்வொரு சட்டத்துக்குப் பிறகும் இதுவரை பார்த்த மொத்த இனங்களை வரைபடத்தில் புள்ளியாக வைத்துக்கொண்டே போக வேண்டும். கோடு முதலில் மாடிப்படி மாதிரி ஏறும், பிறகு படுக்கும். படுத்தபின் நிறுத்தலாம். எட்டாவது சட்டத்திலும் புது இனம் வந்துகொண்டிருந்தால் பத்தில் நிறுத்துவது நியாயமில்லை.

இன்னும் பார்க்காதவை எத்தனை என்று ஊகிக்கவும் வழி உண்டு. அந்தக் கதைக்கும் நம் நாட்டுக்கும் உறவு உண்டு. வெள்ளைக்காரர் காலத்தில் மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தில் வேலை பார்த்த கார்பெட் என்பவர் ஓய்வு நேரத்தில் வண்ணத்துப்பூச்சி பிடித்தார். அவர் பட்டியலில் 118 இனம் ஒரே ஒரு தடவை சிக்கியவை, 74 இனம் இரண்டு தடவை, 44 இனம் மூன்று தடவை. இந்த எண்களை வைத்துப் புள்ளியியல் மேதை ஃபிஷரும் வில்லியம்ஸும் அவரோடு சேர்ந்து 1943இல் எழுதிய கட்டுரை, இனம் எண்ணும் துறைக்கே ஓர் அடிக்கல். பின்னாளில் தைவானைச் சேர்ந்த ஆன் சாவ் 1984இல் ஓர் எளிய வழி சொன்னார்: ஒற்றையாக வந்த இனங்களின் எண்ணை அதே எண்ணால் பெருக்கி, இரட்டையாக வந்தவற்றின் இருமடங்கால் வகுத்தால், கண்ணில் படாதவை குறைந்தது எத்தனை என்று கிடைக்கும். கார்பெட்டின் எண்ணைப் போட்டால் 118 பெருக்கல் 118, வகுத்தல் 148. விடை 94. வலைக்குச் சிக்காமல் பறந்த இனங்கள் குறைந்தது அவ்வளவு!

மகளின் தாளில் செம்பனைப் பக்கம் ஒற்றையாக வந்தவை 4, இரட்டையாக வந்தவை 3. 16 வகுத்தல் 6, கிட்டத்தட்ட மூன்று. அதாவது 17 இனமாவது இருக்கலாம். ஆற்றோரத்தில் ஒற்றை 1, இரட்டை 2, ஆகப் பாக்கி அநேகமாக ஒன்றுமில்லை. இதில் எனக்கே ஒரு ஆச்சரியம்: அதிக இனம் ஒளிந்திருப்பது செம்பனைப் பக்கம். ஒளிந்திருக்கும் இடம் பெரும்பாலும் அந்த மட்டைக் குவியலாகத்தான் இருக்கும், சட்டம் போகாத இடம் அதுதானே. ஆக 14க்கு 14 என்ற சமன்கூட நிற்குமா என்பது சந்தேகம்.

நெகிரி செம்பிலானில் பாசோ காட்டில் 50 ஹெக்டர் நிலத்தில் ஒரு சென்டிமீட்டர் பருமனுக்கு மேல் உள்ள எல்லா மரத்தையும் எண்ணி, எண் தகடு கட்டி வைத்திருக்கிறார்கள். ஏறக்குறைய 335,000 மரம், 800க்கும் மேற்பட்ட இனம். அப்படி ஒவ்வொன்றாக எண்ண ஒரு படை வேண்டும். நமக்கு வாய்த்தது சட்டம்தான்.

ஆற்றோரத்தில் சட்டத்தை ஆற்றுக்கு இணையாக வைத்திருக்கிறாள். அங்கே மாற்றம் நடப்பது குறுக்கே: நீரோரம், சேறு, மேடு, புதர், செம்பனையின் முதல் நிரை. அதனால் தண்ணீரிலிருந்து பிளாக்கை நோக்கிச் செங்குத்தாக 30 மீட்டர் நாடாவை இழுத்து, 3 மீட்டருக்கு ஒரு சட்டம் வைக்கட்டும். இதைத்தான் டிரான்செக்ட் என்கிறார்கள். சட்டத்துக்குச் சட்டம் வெளிச்சமும் மண் ஈரமும் குறித்துக்கொண்டால், காட்டுச்சேம்பு எங்கே நிற்கிறது, செண்டுடுக் புதர் எங்கே தொடங்குகிறது என்பதற்குக் காரணமும் கிடைத்துவிடும். ஒரே கோடு போதாது, மூன்றாவது வேண்டும். இங்கே சம இடைவெளி பரவாயில்லை, ஏனென்றால் ஆற்றங்கரை கயிறு பிடித்து நட்டது இல்லை.

பூச்சியும் சேர்க்க ஆசைப்பட்டால், தே ஓ ஐஸ் வாங்கும் பிளாஸ்டிக் கப்பைத் தரைமட்டத்துக்குப் புதைத்து, கொஞ்சம் சோப்புத் தண்ணீர் ஊற்றி, மேலே குச்சி ஊன்றி ஒரு தட்டைக் கவிழ்த்தால் போதும். தட்டு இல்லாவிட்டால் மாலை மழையில் எல்லாம் மிதந்துபோகும். இந்தக் கப் எத்தனை பூச்சி இருக்கிறது என்பதைச் சொல்லாது. எத்தனை பூச்சி நடமாடியது என்பதைத்தான் சொல்லும்.

இனி நத்தை. ஓடுகிற, ஒளிகிற உயிருக்குச் சட்டம் உதவாது. பிடித்து, அடையாளம் போட்டு, விட்டு, மறுபடி பிடிக்க வேண்டும். டென்மார்க்கின் பீட்டர்சன் 1896இல் மீனுக்கும், அமெரிக்காவின் லிங்கன் 1930இல் வாத்துக்கும் பயன்படுத்திய வழி. முதல் இரவு 42 நத்தை பிடித்து அடையாளம் போட்டு அதே இடத்தில் விட்டாள் என்று வையுங்கள். மூன்று நாள் கழித்து 50 பிடிக்கிறாள், அதில் 12இல் அடையாளம் இருக்கிறது. 42 பெருக்கல் 50, வகுத்தல் 12: மொத்தம் 175. சின்ன எண்களுக்கு இந்தக் கணக்கு கொஞ்சம் கூட்டிக் காட்டும். அதனால் ஒவ்வொன்றிலும் ஒன்று சேர்த்து, கடைசியில் ஒன்று கழிப்பார்கள்: 43 பெருக்கல் 51, வகுத்தல் 13, கழித்தல் 1. விடை 168.

நகப்பூச்சு போதும், ஆனால் சிவப்பாக மேலே பூச வேண்டாம். பளிச்சென்று தெரிந்தால் இரண்டாம் இரவு டார்ச் வெளிச்சத்தில் கண் அதையேதான் முதலில் பிடிக்கும், அடையாளமிட்டவை கூடுதலாகச் சிக்கும், மொத்தம் குறைவாக வந்துவிடும். ஓட்டின் அடிப்பக்கம், வாய் விளிம்புக்குப் பக்கத்தில் சின்னப் பொட்டு வைத்தால் போதும், கையில் எடுத்துப் புரட்டினால்தான் தெரிய வேண்டும். நத்தை மெதுவான ஆள், மற்றவற்றோடு கலக்க இரண்டு மூன்று நாள் கொடுங்கள். அதற்காக மாதக்கணக்கில் விட்டால் புதியவை பிறக்கும், பழையவை சாகும், கணக்கு கெடும். அப்புறம் கையுறை கட்டாயம். இந்தப் பெரிய ஆப்பிரிக்க நத்தை, எலியின் நுரையீரலில் வாழும் ஒரு புழுவைச் சுமந்து திரியும். அது மனிதருக்குள் போனால் மூளையைச் சுற்றியுள்ள சவ்வில் அழற்சி உண்டாக்கும். முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவட்டும்.

போவதற்கு முன் நிர்வாகியிடம் அனுமதி வாங்குங்கள். அந்த பிளாக்கில் கடைசியாக எப்போது மருந்து அடித்தார்கள் என்று மண்டோரிடம் (வேலையாட்களின் தலைவர்) கேட்டுத் தேதியை எழுதிவைக்கவும் சொல்லுங்கள். இரண்டு வாரத்துக்கு முன் அடித்திருந்தால் அவள் எண்ணுவது செடிகளை அல்ல, மருந்து விட்டுவைத்த மிச்சத்தை. மட்டைக் குவியலுக்குப் பக்கத்தில் பூட்ஸ் போட்டுக்கொண்டு, முதலில் நீளக் கம்பால் தட்டிவிட்டு வைக்கட்டும். எலி இருக்கிற இடத்தில் நாகமும் இருக்கும். காலையிலேயே போய்விடுங்கள், மூன்று மணிக்கு மேல் வானம் இருட்டிக்கொள்கிறது. புது அட்டவணை வந்ததும் படம் எடுத்து அனுப்புங்கள், மட்டைக் குவியலில் என்ன இருந்தது என்று பார்க்க எனக்கும் ஆவல்.